மூன்று கணினிக்கும் ஒரே செட்டிங்ஸ்

எனக்கு ஒரு வியாதி உண்டு. என் கணினியில் லினக்ஸ், அலுவலகத்தில் மேக், தங்கையிடம் விண்டோஸ். மூன்றிலும் எல்லாம் ஒரே மாதிரி இருந்தாக வேண்டும், ஊரிலுள்ள எல்லாச் சமையலறையிலும் உப்பு டப்பா ஒரே தட்டில் இருக்க வேண்டும் என்று அடம்பிடிப்பதுபோல. நிரல் எழுதும் எடிட்டரான விம், எழுதியதைப் பத்திரப்படுத்தும் கிட் என்று யாரோ புண்ணியவான்கள் எழுதி இலவசமாகக் கொடுத்த கருவிகள்தான் என் உலகம். அவற்றை வைத்து நான் இதுவரை உருப்படியாக எழுதியது அவற்றின் செட்டிங்ஸ் மட்டுமே.

தங்கைக்கு அன்று வேலைக்கான தேர்வு. அறையில் தனியாக உட்கார்ந்து, இணையம் வழியே தன் திரையைத் தேர்வாளருக்குக் காட்டியபடியே நிரல் எழுத வேண்டும். ஏற்கெனவே இரண்டு கம்பெனிகள் கைவிரித்திருந்தன. இதுவும் போனால் அப்பா பார்த்து வைத்திருக்கும் குமாஸ்தா வேலைக்கே போய்விடுவதாகச் சொல்லியிருந்தாள்.

"அண்ணா, எடிட்டர்ல எழுத்து ரொம்பச் சின்னதா தெரியுது. கொஞ்சம் பெருசாக்கிக் குடேன்" என்று கணினியைக் கொடுத்துவிட்டுக் குளிக்கப் போனாள்.

அவ்வளவுதான் கேட்டாள். நான் விடுவேனா? அவள் பழகிய எடிட்டரையே தூக்கிக் கடாசிவிட்டு, விம்மைப் போட்டு, என் செட்டிங்ஸ் மொத்தத்தையும் கொட்டினேன். பழையது கண்ணில் பட்டால் பழைய பழக்கம் போகாது பாருங்கள், என்ன ஒரு தொலைநோக்கு! எழுத்தும் பெரிதாகத்தான் இருந்தது. அவள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்து கணினியை வாங்கி, அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். நான் பெருமை தாங்காமல் வெளியே நின்றேன்.

சற்று நேரத்தில் உள்ளிருந்து "ஐயோ" என்றாள். விம்மில் எடுத்ததும் எழுத முடியாது. அதற்கென்று முதலில் ஒரு விசையை அமுக்க வேண்டும். அந்த விசையையும் நான் என் வசதிக்கு மாற்றி வைத்திருந்தேன்.

"என்னம்மா இது, திரை முழுக்க 'வருக தலைவா'ன்னு வருது?" தேர்வாளர் அம்மாவின் குரல்.

அது தினமும் நான் எனக்கே கொடுத்துக்கொள்ளும் வரவேற்பு.

"மேடம், அது... எங்க அண்ணன் காலையில எதையோ மாத்தி வச்சுட்டான்."

தேர்வாளர் அம்மாவிடமிருந்து ஒரு பெரிய சிரிப்பு.

"எங்க வீட்டுக்காரரும் இதே ரகம்தான். ரிமோட்டுக்கு பேட்டரி போடச் சொன்னா டிவியைப் பிரிச்சுடுவார். பதறாதே, நோட்பேடைத் திறந்து அதுலயே எழுது. நேரத்தை நான் இப்போதான் ஆரம்பிக்கிறேன்."

எழுதினாள். வேலையும் அப்போதே கிடைத்தது. வெளியே வந்ததும் எங்கள் அம்மாவைக் கட்டிக்கொண்டு அழுதாள். எனக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. ஆனாலும் வாய் சும்மா இருந்தால்தானே?

"வெளியிலதானே நின்னேன்? ஒரு குரல் கொடுத்திருந்தா ஓடி வந்து சரி பண்ணியிருப்பேனே."

"தெரியும்ணா. கதவுக்கடியில உன் கால் தெரிஞ்சுது. அதான் எழுந்து வந்து தாழ்ப்பாள் போட்டேன்."