மின்சாரம் ஓடாத தொட்டி

புயல் ஓய்ந்த மறுநாள் பி-யூன் வழக்கம்போல நிக்கல் தொட்டியைச் சூடேற்றினாள். சாங்ஹுவா ஊரின் குழாய்ப் பட்டறைகளுக்கு முலாம் பூசிக் கொடுக்கும் சிறிய கொட்டகை அது. கணவன் சரக்கோடு லாரியில் போயிருந்தான். கூரையில் கொழுந்தன் ஹுங்-யீ, காற்று பிய்த்துப்போட்ட புகைபோக்கியின் இரும்புத் தாங்கியை அறுத்துக்கொண்டிருந்தான்.

"தொட்டி சூடா இருக்கு தம்பி. ஆறினப்புறம் பாத்துக்கலாமே?"

"மத்தவங்க தொட்டியில கரண்டாவது ஓடும். உங்க தொட்டியில அதுவும் கிடையாது. எதுக்கு அண்ணி பயப்படுறீங்க?"

அவன் சொன்னது பொய்யில்லை. இந்தத் திரவத்துக்கு மின்சாரம் வேண்டாம். உள்ளே இறங்கும் உலோகத்தின் மேல் நிக்கல் தானாகவே படியும். பித்தளை மூடிகளை முக்கிவிட்டு அவள் கையுறையைக் கழற்றினாள்.

சற்று நேரத்தில் குமிழிகளின் சத்தம் மாறியது. மூடிகள் தொங்கும் இடத்தில் மட்டும் வரவேண்டிய குமிழிகள் தொட்டியின் அடியிலிருந்தும் கிளம்பின. நிமிர்ந்து பார்த்தாள். புகைபோக்கி பிய்ந்துபோன கூரை ஓட்டை வழியாக இரும்புத்தூள் மினுமினுத்து உதிர்ந்துகொண்டிருந்தது. விழுந்த ஒவ்வொரு தூளின்மேலும் நிக்கல் படிந்தது. தெளிந்த பச்சைத் திரவம் கலங்கிக் கறுத்தது.

ஓடிப்போய் ஹீட்டரை அணைத்தாள். பொங்குவது நிற்கவில்லை. மற்ற பட்டறைகளில் கரண்டை நிறுத்தினால் எல்லாம் அடங்கிவிடும். இங்கே நிறுத்த எதுவும் இல்லை. குளிர்ந்த தண்ணீரைப் பாய்ச்சினாள். நுரை விளிம்பைத் தாண்டி வழிந்தது. குமிழிகளிலிருந்து கிளம்பிய, தீப்பற்றக்கூடிய ஹைட்ரஜன் வாயு, வெளியேற்ற விசிறியில்லாத கொட்டகையில் கண்ணுக்குத் தெரியாமல் நிறைந்துகொண்டிருந்தது.

மேலே அறுக்கும் சத்தம் நின்றது. அடுத்தது வெல்டிங்.

முற்றத்துக்கு ஓடினாள். "ஹுங்-யீ! பத்த வைக்காத! இறங்கு!"

முகமூடி கூரை விளிம்பில் எட்டிப் பார்த்தது. "சோறு வந்துடுச்சா அண்ணி?"

"தொட்டி பொங்குது! ஒரு பொறி பட்டாப் போதும்!"

கையில் இருந்த வெல்டிங் பிடியை அப்படியே கூரையில் போட்டுவிட்டு ஏணியில் சறுக்கி இறங்கினான். இருவரும் வேலியோரம் வரை ஓடி நின்றார்கள். முகமூடியைக் கழற்றியபோது அவன் உதடு வெளுத்திருந்தது.

"தூசு... என்னோடதா அண்ணி?"

உள்ளே நுரை சீறிக்கொண்டிருந்தது. அவன் திடீரென்று கூரையைப் பார்த்தான்.

"வெல்டிங் மெஷினை அணைக்கல. குச்சியில இன்னும் கரண்ட் இருக்கு."

பிடியை இழுத்துக்கொண்டு கேபிள் தன் பாரத்திலேயே கூரைச் சரிவில் மெல்ல வழுக்கியது. திறந்த கதவின் வழியே இருவரும் பார்த்தார்கள்: ஓட்டைக்குள் நழுவிய பிடி, நுனியில் வெல்டிங் குச்சியோடு, தொட்டியின் இரும்புச் சட்டத்துக்கு ஒரு சாண் மேலே ஆடிக்கொண்டிருந்தது.