பச்சைக்குத் திரும்பாத பட்டன்

ஆண்டர்சன்பேட்டை பஜாரில் ஏகநாதன் கடை மசால் வடைக்கு முக்கால்வாசி வாடிக்கை மாலை ரயில்தான். பெங்களூரில் வேலை முடித்துத் திரும்புகிறவர்கள் வண்டியிலிருந்தே போன் போட்டுச் சொல்லிவிடுவார்கள். சிக்னல் விட்டு விட்டு வரும். மூணு பிளேட்டா, நாலு பிளேட்டா என்று ஏகநாதன் தினமும் கத்திக்கொண்டிருப்பார்.

மாலை வகுப்பில் வெப் டிசைன் படிக்கும் வாணி, ஆர்டர் வாங்க ஒரு வெப் பக்கம் செய்து தருகிறேன் என்று அவரிடம் சொல்லிவிட்டிருந்தாள்.

"இன்னிக்கு ஒரு நாள் பாக்கலாம்மா. சரியா வந்தா அட்ரஸ கடை போர்டுல எழுதிடறேன். இல்லாட்டி பழையபடி போனுதான்" என்றார் ஏகநாதன்.

வாணி வகுப்புக் கம்ப்யூட்டரில் முப்பத்திரண்டு முறை சோதித்து, ஒவ்வொன்றையும் நோட்டில் எழுதி டிக் போட்டிருந்தாள். மவுஸ் அம்பு மேலே வந்தால் ஆர்டர் போடும் பச்சைப் பட்டன் சிவப்பாகும். அழுத்திவிட்டு அம்பை நகர்த்தினால் மறுபடி பச்சை. அவளுக்கே பெருமையாக இருந்த ஒரே இடம் அது. தன் போனிலும் திறந்து பார்த்தாள். ஆனால் பட்டனை அமுக்கவில்லை. அதற்குள் கடை லேப்டாப்போடு இணைத்தாகிவிட்டது. வெட்டியாக ஒரு ஆர்டர் போய்விட்டால்?

வழக்கமாகப் போன் போடுகிறவர்களுக்கு மட்டும் பக்கத்தின் லிங்க் போயிருந்தது. ஆறு மணிக்குக் கடை லேப்டாப்பில் ஆர்டர்கள் விழத் தொடங்கின. பத்தே நிமிடத்தில் நாற்பத்தொன்று.

"அடியே வெங்கடம்மா! நாளைக்கு வெச்ச மாவையும் எடு!" ஏகநாதன் பெண்டாட்டியைப் பார்த்துக் கூவினார். "பாத்தியா வாணி, பிரதாப் ஒருத்தனே ஏழு பிளேட்டு!"

வாணி திரையைப் பார்த்தாள், அதே பெயர்கள்தான் திரும்பத் திரும்ப. பிரதாப் அவள் தெருக்காரர். வீட்டில் அவரும் அவர் அம்மாவும் மட்டுமே. அந்த அம்மாவுக்கோ பல் கிடையாது. அவருக்குப் போன் போட்டாள்.

"அண்ணா, ஏழு பிளேட்டா சொன்னீங்க?"

"ஏழா? ஒண்ணுதாம்மா! இன்னா பட்டன் செஞ்ச நீ? அமுக்குனா செவப்பாவே நிக்குது. சிக்னல் விழலன்னு பச்சை ஆவற வரிக்கும் அமுக்கினே கீறேன். இங்க ரயிலு பெட்டில எல்லாரும் அதான் பண்றாங்க."

அவளுக்குப் புரிந்துவிட்டது. விரலுக்கு நகர்ந்துபோகத் தெரியாது. தொடும், மேலெழுந்துவிடும். அம்பு இன்னும் பட்டன் மேலேயே நிற்பதாக நினைத்துக்கொண்டு போன் சிவப்பைப் பிடித்து வைத்திருக்கிறது.

சொன்னால் போர்டு போச்சு. சொல்லாவிட்டால் அத்தனை வடையும் வெந்துவிடும். எண்ணெய் காய்ந்து புகைவிட ஆரம்பித்திருந்தது.

"அண்ணா, மாவ எடுக்காதீங்க. நாப்பத்தொண்ணு இல்ல, ஒன்பது பேருதான். தப்பு என்னுது."

ஏகநாதன் கரண்டியோடு திரும்பினார். "இன்னா வாணி, எண்ணெய் காஞ்சப்புறம் சொல்ற?"

"ஒரு பத்து நிமிஷம் குடுங்க."

"ரயிலு பங்காரப்பேட்டை தாண்டிடும். அப்புறம் சுட நேரம் இருக்காது."

"அதுக்குள்ள முடிச்சிடறேன்" என்றாள். அவளுக்கே நம்பிக்கை இல்லை.

பட்டனைச் சிவப்பாக்கும் நிரல் வரியை, அம்பை மேலே நிறுத்த முடிகிற கருவிக்கு மட்டும் என்ற நிபந்தனைக்குள் போட்டாள். விரலால் தொடுகிற கருவிக்குப் பட்டன் கட்டைவிரல் அகலத்துக்குப் பெரிதானது. ஆர்டர் சேர்ந்ததும் பட்டன் இருந்த இடத்தில் 'வந்தாச்சு' என்ற எழுத்து. அதற்குமேல் அமுக்க ஒன்றும் இருக்காது. நோட்டைத் திறக்கக்கூட நேரமில்லை. பழைய ஆர்டர்களை அழித்துவிட்டுப் பிரதாப்பைக் கூப்பிட்டாள்.

"பக்கத்த மூடிட்டுத் திரும்பத் தொறந்து ஆர்டர் போடுங்கண்ணா. எல்லார்கிட்டயும் சொல்லுங்க."

லேப்டாப்பில் பிரதாப், ஒன்று. பிறகு மற்றவர்கள், ஆளுக்கொரு வரி. ஒன்பதோடு நின்றது. வாணி இன்னும் இரண்டு நிமிடம் திரையையே முறைத்தாள்.

"எங்க, நான் ஒருவாட்டி பாக்கறேன்" என்று வெங்கடம்மா வந்தாள். விரலெல்லாம் மாவு. வாணி தன் போனை நீட்டினாள். வெங்கடம்மா விரலை மடக்கி முட்டியால் ஒரு இடி இடித்தாள்.

'வந்தாச்சு.'

"அட, எனுக்கே வந்துடுச்சே!" என்று சட்டியைப் பார்க்கப் போனாள்.

ஏகநாதன் கல்லாவுக்குப் பின்னால் குனிந்து எதையோ தேடினார்.

"இன்னா தேடறீங்க?"

"சாக்பீஸு. போர்டுல எழுத வேணாமா? அட்ரஸ் சொல்லு, மெதுவா சொல்லு."

சொல்லி முடித்த பிறகுதான் வாணி நோட்டைத் திறந்தாள். முப்பத்துமூன்றாவது சோதனை: வெங்கடம்மா, மாவுக் கை, விரல் முட்டி. டிக்.