கீழே பெயர் போட்டவன்

அந்தப் படத்தைப் பார்த்ததும் பாண்டித்துரைக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. பூசணிக்காய் அளவு தலையும் சுண்டுவிரல் அளவு உடம்புமாக ஒரு மனுஷன், தன்னைவிட உயரமான இறகுப் பேனாவை வேல்போல நீட்டிக்கொண்டு நிற்கிறான். எதிரே ராஜா, கிரீடம் மூக்குவரை இறங்கிவிட, சிம்மாசனத்தின் மேல் கால்களைத் தூக்கிக்கொண்டு அலறுகிறார். தோஹா தொழில்பேட்டைக்கு ஃப்ரேம் போடும் வேலைக்கு வந்த ஏழு வருஷத்தில் ஒட்டகமும் குதிரையும் பார்த்துச் சலித்த கண்ணுக்கு இது புதுசு.

"பிரான்சு நாட்டுப் படம்," என்றார் போர்மேன் சதக்கத்துல்லா. "நூத்தம்பது வருசத்துக்கு மேல இருக்கும். கல்லுல வரஞ்சு அச்சடிச்சது. பெரிய தலக்காரன் எழுத்தாளன், ராஜாவ எதுத்து எழுதுனவன். வரஞ்சவன ஜெயில்ல போட்டுட்டாங்களாம். குடுத்துட்டுப் போன சார் சொன்னாரு."

சிரிப்பு அங்கேயே நின்றுபோனது.

"வரஞ்சவன யாரு பாய் காட்டிக்குடுத்தது?"

"எதுக்குக் காட்டிக்குடுக்கணும்? கீழ அவனே பேரப் போட்டிருக்கான் பாரு."

இங்கே கூட வேலை பார்த்த பாலகுரு தன் படத்தில் பெயர் போடவில்லை. படத்தைச் சுற்றி வைக்கிற மவுண்ட் அட்டையின் நடுவில் சன்னல் வெட்டினால் மிஞ்சுகிற துண்டு குப்பைக்குத்தான் போகும். அதைப் பாண்டித்துரைதான் அவனுக்கு எடுத்துக் கொடுப்பான். ரெண்டு வருஷம் முன்பு தொழிலாளர்கள் தங்கும் கேம்ப்பில் மூன்று நாள் தண்ணீர் வராதபோது, அப்படி ஒரு துண்டில் அதை நிர்வகிக்கும் கேம்ப் பாஸைத் தண்ணி லாரியாக வரைந்து மெஸ் சுவரில் ஒட்டினான் பாலகுரு. தொப்பைதான் டாங்க், தொப்புளில் ஒரு பூட்டு. ஆட்கள் வயிறு வலிக்கச் சிரித்தார்கள். மறுநாள் கேம்ப் பாஸ் அட்டையின் விளிம்பைத் தடவிப் பார்த்தார். கத்தியைச் சாய்த்துப் பிடித்து வெட்டிய விளிம்பு. ஃப்ரேம் செக்‌ஷன் சரக்கு என்று கண்டுபிடிக்க அது போதாதா? அட்டை வெட்டுகிற பாண்டித்துரையைக் கூப்பிட்டு, நீயா வரைந்தாய் என்று இந்தியில் கேட்டார். குரலைக்கூட உயர்த்தவில்லை. 'நான் இல்லை, பாலகுரு' என்று வாய் முந்திக்கொண்டது. துண்டெல்லாம் குப்பையில்தான் கிடக்கும், யாரும் எடுக்கலாம் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். பாழாய்ப்போன மனசுக்கு அது தோன்றியது, பாலகுருவை வேலையைவிட்டு நீக்கி ஊருக்கு விமானம் ஏற்றிய மூன்று நாள் கழித்து.

இன்றைக்கு எப்படியும் உண்மையைச் சொல்லிவிடுவது என்று படத்தைப் போனில் எடுத்து பாலகுருவுக்கு அனுப்பினான். 'நான்தான்டா அன்னைக்கு' என்று அடித்துக்கொண்டிருக்கும்போதே பதில் குரலாக வந்துவிட்டது. போனைக் காதில் வைத்துக் கேட்டான்.

"யப்பா, என்னா கோடு பாண்டி. கல்லுல இப்படி வருமா? நான் இங்க ஃப்ளெக்ஸ் கடையில கல்யாண பேனருக்குத் தல ஒட்டிக்கிட்டு கெடக்கேன்." கொஞ்சம் மூச்சு விட்டான். "அந்த முரளி இன்னும் அங்கதான் இருக்கானா? அன்னைக்கு கேம்ப் பாஸ் ரூம்லேர்ந்து அவன் வெளிய வந்தத நானே பாத்தேன். ஒரே தட்டுல தின்ன பயடா. நீ பாத்து இரு, அவன நம்பாத."

முரளிதரன் அன்றைக்கு லீவு பாரம் கொடுக்கப் போயிருந்தான். அது பாண்டித்துரைக்குத் தெரியும். அடித்த ரெண்டு வார்த்தையும் திரையில் அப்படியே நின்றன.

"யாரு, பாலகுருவா?" படத்துக்குப் போடும் கண்ணாடியின் ஒரு பக்கத்தைத் தூக்கிக்கொண்டு முரளிதரன் நின்றான். "நான் கேட்டேன்னு சொல்லு. என் போன எடுக்கவே மாட்டேங்கறான், என்ன கோவமோ. சரி, இந்தப் பக்கம் புடி."

பாண்டித்துரை போனை மேஜையில் வைத்துவிட்டு மறுபக்கத்தைப் பிடித்தான். இருவருமாகக் கண்ணாடியை ஃப்ரேமுக்குள் மெல்ல இறக்கத் தொடங்கினார்கள்.

"உன் பக்கம் சாயுது," என்றான் முரளிதரன். கையை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிப் பிடித்து, பாரத்தைத் தன் மேல் வாங்கிக்கொண்டான்.