எருமைக் கொம்பில் நீல நூல்

பக்கத்து வீட்டு ஓன்சியை நான் ஒருநாளும் நம்பியதில்லை. அவள் ஜன்னலில் தொங்குவது அமெரிக்க விமானம் போட்ட அரிசிச் சாக்கு. அடுப்பில் கொதிப்பது காட்டுப் படைக்காரர்கள் கொடுத்த ரஷ்யக் கெட்டில். மகன் எங்கே என்று கேட்டால், தலைநகரத்தில் வேலை என்பாள். பாம்புக்குத் தலையும் மீனுக்கு வாலும் காட்டுகிற விலாங்கை யார் நம்புவார்கள்?

அந்த வருடம் எங்கள் லாவோஸில் பாதிப் பேருக்கு அமெரிக்கத் துப்பாக்கி, மீதிப் பேருக்கு ரஷ்யத் துப்பாக்கி. துப்பாக்கிக்குக் குறைவில்லை, தூக்கத்தான் ஆள் வேண்டும். இரண்டு பக்கத்தவரும் மாறி மாறி வந்து மீசை அரும்பிய பையன்களைப் பிடித்துப் போனார்கள். என் மகன் கம்சிங்குக்கு அப்போதுதான் அரும்பியிருந்தது.

காட்டுப் படை வருகிறது என்று தெரிந்ததும் அவனை ஓடைக்கு அப்பால் பழைய வயல் குடிசைக்கு அனுப்பினேன். கிளம்புகிறவன் கையில் நூல் கட்டாமல் அனுப்ப மனசு வருமா? உயிர் உடம்பை விட்டு அலையாமலிருக்க வாழையிலைக் கூம்பு செய்து, பூச்செருகி, வெள்ளை நூல்களை அவன் மணிக்கட்டில் கட்டினேன். நூல் தீர்ந்தும் மனசு ஆறவில்லை. என் பாவாடைக் கரையிலிருந்து நீல நூல் ஒன்றை உருவி அதையும் கட்டினேன்.

கூம்பை மறைக்கத்தான் தோன்றவில்லை. பாழாய்ப்போன புத்தி!

படியேறி வந்த அதிகாரி முதலில் அதைத்தான் பார்த்தான்.

"யாருக்கும்மா நூல் கட்டுனீங்க? விருந்தாளியா?"

விருந்தாளி என்றால், எதிரிக்குச் சோறு போட்ட ஊர் என்று கொளுத்துவார்கள். மகன் என்றால் மகன் போவான்.

"எருமைக்கு," என்றேன்.

உழவு முடிந்ததும், அடித்ததற்கு மன்னிப்புக் கேட்டு எருமைக் கொம்பில் நூல் கட்டுவது எங்கள் வழக்கம். அவனும் உழவன் வீட்டுப் பிள்ளைதான் போலும், சிரித்தான்.

"நல்லது. எருமை எங்க? நானும் ஒரு நூல் கட்டுறேன்."

"மேயப் போயிருக்கு தம்பி."

"வரட்டும். எனக்கொண்ணும் அவசரமில்ல."

உட்கார்ந்து என் சோற்றைப் பிசைய ஆரம்பித்தான். அப்போதுதான் மூங்கில் தரையின் இடுக்கில், தூண்கள்மேல் நிற்கும் வீட்டுக்கு அடியில், ஓன்சியின் தலை தெரிந்தது. ஒட்டுக் கேட்கிறாள்! நான் பார்ப்பதைக் கண்டதும் விறுவிறுவென்று ஓடைப் பக்கம் நடந்தாள். அங்கே இவனுடைய ஆட்கள் குளித்துக்கொண்டிருந்தார்கள். அடிப்பாவி, காட்டிக் கொடுக்கத்தான் போகிறாள்! மனதுக்குள் அவளைத் திட்டாத திட்டில்லை.

"கை ஏன்மா நடுங்குது?"

"வயசாச்சு தம்பி."

"எங்கம்மாவுக்கும் நடுங்கும். நான் கிளம்புன அன்னைக்கு ஆரம்பிச்சுது."

கஞ்சி வேண்டுமா என்று கேட்டேன்.

வெளியே கழுத்து மணி கேட்டது.

"ஏ புன்மி! கட்டுன நூலோட உன் எருமை சேத்துல புரளுது. நீ இங்க விருந்து வச்சிட்டிருக்கியா?"

என்னைக் கூப்பிட்டது ஓன்சிதான். எருமையின் கொம்பில் சேறு பூசிய நூல்கள். அதிகாரி இறங்கிப்போய் அந்த முடிச்சுகளை நெடுநேரம் தடவிப் பார்த்தான். பிறகு தானும் ஒரு நூல் கட்டினான்.

"எருமையைப் பத்திரமா வச்சுக்கங்கம்மா. அடுத்து வர்றவங்களும் கேப்பாங்க," என்று சொல்லிவிட்டுப் போனான்.

நான் சேற்றைத் துடைத்தேன். நடுவில் என் பாவாடைக் கரையின் நீல நூல். கம்சிங் கையிலிருந்து அவிழ்த்து வந்திருக்கிறாள்!

"உனக்கு எப்படித் தெரியும்?"

"நீ அந்தக் குடிசைக்குக் கூரை மாத்துனப்பவே தெரியும். விளையாத வயலுக்கு எதுக்குடி புதுக் கூரை?"

அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அழுது முடித்து, பொழுது சாயுமுன் ஓடைக்கு ஓடி, மகனை மலைக்குகைக்கு மாற்றினேன். அவளிடம் சொல்லவில்லை. உயிரைக் காப்பாற்றிக் கொடுத்தவளை ஒருநாள்கூட நம்ப முடியவில்லையே என்று வெட்கமாக இருந்தது.

மறுநாள் காலை கூடை நிறைய அவித்த சோறு கொண்டுபோனேன். அவள் என் முகத்தைப் பார்க்காமலே உருட்டித் தின்றாள்.

"பையனை இடம் மாத்திட்ட போல."

நான் கூடையை அவள் பக்கம் தள்ளினேன்.

"நல்ல காரியம் பண்ணே. அவனுங்க அடிச்சா எத்தனை அடி தாங்குவேன்னு எனக்கே தெரியாது." இன்னொரு கவளம் சோற்றை உருட்டி, தின்னாமல் இலையில் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டாள். "நீயும் என் பையன் எங்கன்னு கேட்டுடாதே."