தயவுசெய்து என்று எழுதிய மனைவி

பார்லருக்கு வருகிறவர்கள் எல்லோரும் அவளைக் கலர் அக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். புதிதாக எந்தச் சாயம் வந்தாலும் முதலில் தன் தலையில் போட்டுப் பார்த்த பிறகே அடுத்தவர் தலையைத் தொடுவாள். அந்த மாதம் செம்பு நிறம். முடியும் காதளவுக்குக் குறைந்திருந்தது. அவளும் தங்கையும் சேர்ந்துதான் பார்லரை நடத்தினார்கள்.

அன்று மத்தியானம் தங்கையின் செல்போனில் அக்காவின் கணவர் கூப்பிட்டார். பஸ் டிரைவர். டிப்போவில் வண்டியை நிறுத்திவிட்டுப் பேசினார்.

"உங்க அக்காவுக்கு உடம்பு சரியில்லையா?"

"நல்லாத்தானே இருக்கா. ஏன் மாமா?"

"இப்ப ஒரு மெசேஜ் வந்துச்சு. 'அன்புள்ள கணவரே, சாப்பிட்டீர்களா? தயவுசெய்து உங்கள் கார்டு நம்பரை அனுப்பவும்'னு. கல்யாணம் ஆனதுலேருந்து அவ எனக்கு தயவுசெய்துன்னு எழுதினதே இல்ல. 'பால்'னு எழுதுவா. நான் வாங்கிட்டுப் போவேன்."

கலர் அக்கா போனைப் பிடுங்கிக்கொண்டாள். "நான் எதுவும் அனுப்பலையே" என்றபடி தன் செல்போனை எடுத்துப் பார்த்தாள். சிக்னலே இல்லை.

"அதான் நானும் சோதிச்சுப் பாத்தேன்" என்றார் அவர். "நம்ம வீட்டுல குறட்டை விடுறது யாருன்னு கேட்டேன். 'நீங்கதான்'னு பதில் வந்துச்சு. அங்கதான் குழம்பிட்டேன். நீயும் அதைத்தானே சொல்லுவ?"

"நீங்கதானே விடுறீங்க."

"பாத்தியா?"

"கார்டு நம்பரைக் கொடுத்துட்டீங்களா?"

"இல்ல. தேடிட்டு இருக்கேன்னு சொல்லி வெச்சேன். பரவாயில்லை, பொறுமையாகத் தேடுங்கள்னு எழுதுது. அப்பவே எனக்குச் சந்தேகம், அது நீதானான்னு."

தங்கைக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. சிரித்துக்கொண்டேதான் அக்காவின் கார்டின் பின்பக்கம் இருந்த எண்ணுக்குப் பேசிக் கணக்கை முடக்கச் சொன்னாள். பிறகு இருவரும் அடுத்த தெருவில் இருந்த செல்போன் கம்பெனிக் கடைக்கு ஓடினார்கள்.

கவுன்ட்டரில் இருந்த பெண் கம்ப்யூட்டரைப் பார்த்தாள். "உங்க நம்பருக்குக் காலையிலயே வேற சிம் மாத்தியாச்சே. பாதுகாப்புக் கேள்விக்கெல்லாம் சரியா பதில் சொல்லித்தான் வாங்கியிருக்காங்க."

"அது நான் இல்லீங்க. என்னையும் கேளுங்க, நானும் சொல்றேன்."

முதலில் வளர்த்த பிராணி, முதலில் படித்த பள்ளிக்கூடம், அம்மா பிறந்த ஊர். மூன்றுக்கும் கலர் அக்கா கடகடவென்று பதில் சொன்னாள்.

"இதையேதான் அவங்களும் சொன்னாங்க. இதை வெச்சு யார் நிஜம்னு நான் எப்படிக் கண்டுபிடிக்கிறது?"

தங்கை நெற்றியில் அடித்துக்கொண்டாள். போன வாரம் இணையத்தில் ஒரு விளையாட்டு வந்திருந்தது. பூனையின் பெயர், பள்ளியின் பெயர், அம்மாவின் ஊர் மூன்றையும் சேர்த்தால் உங்கள் மகாராணிப் பெயர் கிடைக்கும் என்றது. ஊரே பார்க்கும் இணையப் பக்கத்தில், செல்போன் எண்ணுக்குக் கீழேயே, அக்கா தன் மகாராணிப் பெயரைப் போட்டிருந்தாள். அன்று முழுக்க இருவரும் பார்லரில் மகாராணிகளாகவே நடமாடினார்கள்.

"அப்ப விரல் வைங்க" என்றாள் கவுன்ட்டர் பெண். வருஷக்கணக்காகச் சாயத்தில் ஊறிய விரல்களில் ரேகை தேய்ந்து போயிருந்தது. எந்த விரலை வைத்தாலும் அந்தக் கருவி மறுபடியும் வைக்கச் சொன்னது. கடைசியில் அடையாள அட்டையை நீட்டினாள். அதில் இடுப்புவரை கறுப்புப் பின்னல் போட்ட ஒருத்தி இருந்தாள்.

கவுன்ட்டர் பெண் படத்தைப் பார்த்தாள், செம்புத் தலையைப் பார்த்தாள். "இவங்க உங்க சொந்தக்காரங்களா?"

தங்கை பார்லருக்குப் பறந்தாள். கண்ணாடியோரம் இருந்த பொம்மையின் தலையிலிருந்து நீளமான கறுப்பு விக்கைக் கழற்றி வந்து, அக்காவின் தலையில் கவிழ்த்துச் சரசரவென்று பின்னிவிட்டாள். வரிசையில் நின்றவர்கள் தங்கள் வேலையை மறந்துவிட்டுக் கூடிவிட்டார்கள். குடை வைத்திருந்த பெரியவர் அட்டையை எட்டிப் பார்த்தார்.

"கொஞ்சம் முறைங்கம்மா. போட்டோவுல முறைக்கிறீங்க."

கலர் அக்கா முறைத்தாள்.

"இவங்களேதான்" என்று கடையே ஒரே குரலில் சொன்னது. சத்தம் கேட்டு உள்ளேயிருந்து வந்த மேனேஜர் கையெழுத்தையும் பழைய ரசீதையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டு, சிரிப்பை விழுங்கியபடி திருட்டு சிம்மை நிறுத்தி அவளுக்குப் புதியதைக் கொடுத்தார்.

புது சிம்மில் முதல் அழைப்பு கணவருடையது. "அது போயிடுச்சா? நல்ல மனுஷி. சாப்பிட்டீங்களா, சாப்பிட்டீங்களான்னு கேட்டுக்கிட்டே இருந்தது."

"மனுஷியா மனுஷனான்னு யாருக்குத் தெரியும்? சாயங்காலம் வாங்க, பேசிக்கலாம்."

கணக்கிலிருந்து எதுவும் போகவில்லை. போலீசில் புகார் கொடுத்தார்கள். ஆள் இன்னும் அகப்படவில்லை. அன்று சாயங்காலம் எல்லோரும் அக்கா வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து, மகாராணிப் பட்டங்களை அழித்துவிட்டு, பாதுகாப்புக் கேள்விகளுக்குப் பொய்ப் பதில்களாக யோசித்தார்கள். பூனை முதலையானது. பள்ளிக்கூடம் சர்க்கஸ் கூடாரமானது. பஸ் டிரைவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு தரையில் சாய்ந்துவிட்டார்.

"அம்மா பிறந்தது சந்திரன்ல" என்றாள் தங்கை.

ஓரமாகத் துணி மடித்துக்கொண்டிருந்த அம்மா நிமிர்ந்தாள். "என்னைக் கேக்காம என் ஊரை மாத்துவீங்களா? அங்க தண்ணிகூடக் கிடையாது. மாத்துறதுதான் மாத்துறீங்க, நல்ல ஊரா பாத்துப் போடுங்க."

அதற்குப் பிறகு அம்மாவை நிறுத்த முடியவில்லை. கடல் வேண்டும் என்றாள். வெயில் கூடாது என்றாள். எதிர்வீட்டுக்காரி பேசாதவளாக இருக்க வேண்டும் என்றாள். ராத்திரிச் சாப்பாடு ஆறிப்போகும்வரை தேடி, கடைசியில் ஒரு ஊரைத் தேர்ந்தெடுத்தாள். அது எந்த ஊர் என்று யாரிடமும் சொல்லக் கூடாது என்பது அவள் உத்தரவு.