காலித் தட்டின் பாரம்

மிர்ட்டிலின் கல்லறைக் கல்லை எடுத்துவர நொலீனும் அவள் தம்பி மெர்வினும் அந்தக் கைவிடப்பட்ட ஆட்டுப் பண்ணைக்குப் போய்ச் சேர்ந்தபோது உச்சிவெயில். மிர்ட்டில் அவர்களுடைய அம்மாவின் அக்கா. அம்மா பிறப்பதற்கு முன்பே, ஏழு வயதில், ஒரு கோடைக் காய்ச்சலில் போனவள். இப்போது அந்த நிலத்தில் செம்புச் சுரங்கம் வரப்போகிறது. சுரங்கத்தார் ஆள்விட்டு முறையாகத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு துண்டு எலும்புகூட அகப்படவில்லை, வெறும் செம்மண். கல்லையாவது கொண்டுபோய் வையுங்கள் என்று சொல்லிவிட்டார்கள். அம்மாவைப் புதைத்த குவோர்ன் ஊர்க் கல்லறைத் தோட்டத்தில் இடம் கேட்டு வாங்கியிருந்தாள் நொலீன்.

இரண்டு வரிசை சீட் உள்ள பிக்கப்பின் பின்தொட்டி முழுக்கத் தண்ணீர்ப் பீப்பாய்களும் உபரி டயர்களும் அடைத்துக் கிடந்தன. அதனால் வண்டியின் பின்புறக் கொக்கியில் மாட்டும் இரும்புத் தட்டை மெர்வின் கொண்டுவந்திருந்தான். தட்டின் தண்டு வண்டிக்கு அடியில் உள்ள குழாய்க்குள் நுழைந்து, குறுக்கே ஓர் இரும்பு முள்ளால் பூட்டப்பட்டிருந்தது.

"வண்டியோட ஒட்டிப் படுக்க வைடா. தள்ளி வெச்சா பின்னால அழுத்தி முன்னால தூக்கிடும்," என்றாள் நொலீன்.

"எனக்கே பாடமா? நீ ஸ்கூல் பஸ் ஓட்டினவ. உனக்குத் தெரிஞ்ச பாரமெல்லாம் கத்துற பசங்கதான்."

"அதைவிட மோசமான பாரம் உண்டா?"

கல் அப்படியொன்றும் பெரிதில்லை. இருவரும் மூச்சுப் பிடித்துத் தூக்கினால் இடுப்பளவு வந்துவிட்டது. படுக்கவைத்து, கட்டுப்பட்டைகளைக் குறுக்கும் நெடுக்குமாகப் போட்டு இறுக்கினார்கள். மெர்வின் உலுக்கிப் பார்த்தான், அசையவில்லை. தட்டு கல்லின் எடைக்கு ஏற்றபடி லேசாகத்தான் இறங்கியிருந்தது. நொலீன் வண்டியை எடுத்தாள்.

பண்ணையின் கடைசிக் கம்பிவேலியைத் தாண்டியதும் ஸ்டியரிங் இலேசானது. ஒரு விரலால் திருப்பலாம் போல. முன்சக்கரங்கள் மண்ணைத் தொட்டும் தொடாமலும் ஓடுகிற மாதிரி இருந்தது. வண்டியின் மூக்கு மேலே ஏறி, எதிரே பாதிக்கு மேல் வானம்தான் தெரிந்தது. பின்னால் ஏதோ தரையில் உரசும் சத்தம்.

இறங்கிப் பார்த்தார்கள். தட்டு மண்ணைத் தொடாத குறையாகத் தொங்கியது. பட்டைகள் போட்டபடியே இருந்தன. கல் நகரவில்லை.

"ஸ்பிரிங் போயிருக்கும்," என்று மெர்வின் அடியில் படுத்துப் பார்த்தான். செம்மண் அப்பிய முதுகோடு எழுந்தான். "நல்லாத்தான் இருக்கு."

வேறு வழியில்லை. தண்ணீரில் பாதியைக் கொட்டினார்கள். பீப்பாய்களைப் பின்னுக்கு நகர்த்தி, பலகையைச் சாய்த்து, கல்லைத் தொட்டிக்குள் ஏற்றி, கேபினை ஒட்டி இரண்டு அச்சுக்கும் நடுவில் வருகிற இடத்தில் படுக்கவைத்தார்கள். இருவருக்கும் நாக்கு வறண்டது. தட்டு இப்போது காலி.

வண்டி நிமிரவில்லை.

சுற்றிலும் உப்புப்புதர் முளைத்த வெட்டவெளி. காற்று இல்லை, ஒரு காக்கையின் குரல்கூட இல்லை. காலித் தட்டு பாரம் தாங்குகிறபடியே தரையை ஒட்டித் தொங்கிக்கொண்டிருந்தது.

"தட்டைக் கழட்டி எறிஞ்சிடறேன்," என்றான் மெர்வின். முள்ளைப் பிடித்து இழுத்தான், வரவில்லை. சுத்தியால் தட்டினான். நொலீனும் சேர்ந்து இழுத்தாள். அடித்து இறுக்கிய ஆணி போல நின்றது. மெர்வின் கையை எடுத்துக்கொண்டு இரண்டடி பின்னால் போனான்.

"பாரம் இருந்தாதான் முள்ளு இப்படிப் பிடிக்கும்," என்றான் மெதுவாக.

"தெரியும்டா."

"சும்மா ஒரு பேச்சுக்குக்கூட வேற காரணம் சொல்ல மாட்டியா?"

நொலீனுக்குப் பயத்தோடு கூடவே பழைய எரிச்சல் ஒன்றும் எழுந்தது. பஸ்ஸின் பின்படியில் தொற்றிக்கொண்டு வருகிற பிள்ளைகளைப் பார்த்தால் வருகிற அதே எரிச்சல். அவள் போய்ப் பின்சீட்டின் கதவைத் திறந்தாள்.

"மிர்ட்டில், பின்னால தொங்கிக்கிட்டு வரக்கூடாது. விழுந்தா யாரு பதில் சொல்றது? உள்ள வந்து உட்காரு," என்றாள்.

மெர்வின் சிரிக்க வாய் திறந்தான். ஸ்பிரிங் கிறீச்சிட்டது. வண்டியின் பின்பக்கம் கொஞ்சம் எழுந்தது, நின்றது, மறுபடி எழுந்தது. நொலீனின் முழங்கையை ஒட்டி, வெயிலில் கிடந்த ஆட்டுக்கம்பளியின் வாசனை ஒன்று உள்ளே போயிற்று. மெர்வின் குனிந்து முள்ளைத் தொட்டான். அது விரலோடு வந்தது.

தட்டைத் தொட்டியில் போட்டுவிட்டு ஏறினார்கள். அவள் எஞ்சினை முடுக்கியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. சீட் பெல்ட் போடாமல் யாராவது உட்கார்ந்திருந்தால் அடிக்கிற மணி. இருவரும் போட்டிருந்தார்கள். கண்ணெதிரே திரையில் பின்சீட்டுக்கான சிவப்பு விளக்குகள் எரிந்தன.

நொலீன் இறங்கிப் போய், ஜன்னலோரம் பெல்ட்டை இழுத்துக் காலி இடத்தின் குறுக்கே மாட்டினாள். மணி நிற்கவில்லை.

"நொலீன்," என்றான் மெர்வின், திரையைப் பார்த்தபடி. "இன்னும் ரெண்டு எரியுது."

நடுவில் இருந்ததை மாட்டினாள். சுற்றி வந்து அந்தப் பக்கத்து ஜன்னலோரத்தையும் மாட்டினாள். பெல்ட் எதன்மேலோ தடுக்கி நின்றது, அவளால் முழுவதுமாக இறுக்க முடியவில்லை. மணி நின்றது.

"மிர்ட்டில் ஒருத்திதானே?"

"கல்லு அவளுக்கு மட்டும்தான் வெச்சாங்க," என்றாள் நொலீன். "அந்த வருஷம் வேலி போட வந்தவங்க புள்ளைகுட்டியோட அங்கதான் கூடாரம் போட்டிருந்தாங்களாம். காய்ச்சல் என்ன ஆள் பார்த்தா வரும்?"

குவோர்ன் வரைக்கும் அவன் ஒருமுறையும் திரும்பிப் பார்க்கவில்லை. ரேடியோவைப் போடப் போன கையையும் மடக்கிக்கொண்டான். அவள் பின்பக்கம் காட்டும் கண்ணாடியைப் பார்க்காமல் ஓட்டினாள். ஆனால் குழி வந்தபோதெல்லாம் வேகத்தைக் குறைத்தாள். ஸ்டியரிங் கையில் கனமாக, நிச்சயமாக இருந்தது.

கல்லறைத் தோட்டத்தில் நிழல் நீளத் தொடங்கியிருந்தது. நொலீன் மூன்று பெல்ட்டையும் கழற்றி, கதவுகளை விரியத் திறந்து வைத்தாள். அம்மாவின் பக்கத்தில் தோண்டி வைத்திருந்த பள்ளத்தில் இருவரும் கல்லை இறக்கி, நிமிர்த்தி, மண்ணை மிதித்து அழுத்தினார்கள். வண்டிப் பக்கம் திரும்பிப் பார்க்க அவளுக்குத் துணிவு வரவில்லை. ஸ்பிரிங் முனகுவது மட்டும் கேட்டது, சற்றுச் சற்று இடைவெளி விட்டு.

பிறகு அவள் சுற்றுச்சுவரோரம் போய்க் கைக்கு அடக்கமான ஒரு பாறையைப் பொறுக்கிவந்து மிர்ட்டிலின் இடப்பக்கம் நட்டாள்.

"பேரு தெரியாம எப்படி?" என்று கேட்டான் மெர்வின்.

"வந்துட்டாங்க இல்ல. இருக்கட்டும்."

அவன் தொப்பியைக் கழற்றினான். பிறகு தானே சுவரோரம் போனான். அவன் தேடி எடுத்துவந்த பாறை அவளுடையதைவிடப் பெரியது. வலப்பக்கம் வைத்து, ஆடாமல் இருக்கச் சிறு கற்களை அடியில் செருகினான்.