மூன்றாவது சரணம்

பஸ் வேப்பந்தட்டையில் நின்றதும் வேம்புவின் காதில் ஆர்மோனியம் விழுந்தது. எங்கோ தெருவுக்குள் குழாய் ஸ்பீக்கர் பாடிக்கொண்டிருந்தது. அரங்கநாதன்! எழுபதுகளில் தானே எழுதி, தானே மெட்டுப்போட்டுப் பாடியவர். இந்தப் பாட்டை ரேடியோவில் எப்போது போட்டாலும் இரண்டாவது சரணத்தோடு நிறுத்திவிட்டு உழவர் நிகழ்ச்சிக்குப் போய்விடுவார்கள். மூன்றாவது சரணத்தை ஐம்பது வருஷமாக அவள் கேட்டதில்லை. மகன் செல்போனில் தேடியும் கிடைக்கவில்லை.

“ஏங்க, எறங்குங்க.”

“அரும்பாவூர் இன்னும் வரலடி,” என்றார் கணவர் சின்னதுரை.

“பாட்டுங்க!”

அதற்குள் அவள் சீர்த்தட்டுப் பையோடு கீழே நின்றாள். அரும்பாவூரில் தம்பி மகள் லாவண்யாவுக்கு நிச்சயம். அத்தைக்காரி தட்டு எடுத்துக் கொடுக்கவேண்டும். சின்னதுரையும் முனகிக்கொண்டே இறங்கினார்.

“நிச்சயத்த வச்சிக்கிட்டுப் பாட்டுக்காரன் பின்னாடி ஓடுறா பாரு. அந்தாளு பாடுறாரா, மாடிப்படி ஏறுறாரா? இப்படி மூச்சு வாங்குது.”

“மத்தவங்க மூச்ச மறைச்சிக்கிட்டுப் பாடுறாங்க. இவரு பக்கத்துல உக்காந்து பாடுறாருங்க.”

காற்று மாறும்போதெல்லாம் பாட்டும் திசை மாறியது. தப்பான சந்தில் நுழைந்து திரும்பி ஓடினாள். துள்ளலான பாட்டு, காதுகுத்து வீடாக இருக்கும் என்று நினைத்துப் பந்தலுக்கு வந்தவள் சட்டென்று நின்றாள். உள்ளே கண்ணாடிப் பெட்டி.

“சாவு வூடு!” சின்னதுரை அவள் கையைப் பிடித்தார். “உள்ள கால வச்சே, நிச்சயத் தட்டத் தொட முடியாது. வா.”

அந்த நேரம் பார்த்து இரண்டாவது சரணம் முடிந்தது. யாரோ மாலையோடு வர, மைக்செட்காரர் பாட்டை நிறுத்திவிட்டார்.  வேம்பு பையைச் சின்னதுரை கையில் திணித்தாள்.

“நீங்க கொண்டு போங்க.”

“நான் தட்டு எடுக்கவா? ஊரே சிரிக்கும்டி.”

“ஒங்க அக்கா எடுக்கட்டும். அவங்களுக்கு ரொம்ப நாளா அந்த ஆச இருக்கு.”

உள்ளே போய்விட்டாள். பெட்டியருகே இருந்த இறந்தவரின் மகள் அம்பிகா நிமிர்ந்தாள்.

“எந்தூருங்க நீங்க?”

“அரியலூரும்மா. பாட்டு... பாதியில நின்னுடுச்சு.”

பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். வேம்புவுக்குக் கூசியது. அம்பிகா அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

“அப்பாவும் இப்படித்தாங்க. பாதியில நிறுத்துனா சோத்துல கை வைக்க மாட்டாரு,” என்றவள் திரும்பி, “அண்ணே, முழுசாப் போடுங்க,” என்றாள்.

மூன்றாவது சரணம் வந்தது. கடைசி அடியை அரங்கநாதன் பாடவே இல்லை. ஒரு மூச்சு மட்டும் இழுத்தார். மிச்சத்தை ஆர்மோனியம் தனியாகப் போய் முடித்தது.

“இந்த எடத்துல அப்பா தொடையில தட்டுவாரு,” என்ற அம்பிகா உடைந்து அழுதாள். வேம்பு அவளைக் கட்டிக்கொண்டு தானும் அழுதாள்.

செல்போன் அடித்தது. தம்பி.

“அக்கா, எங்க இருக்க? மாப்ள வூட்டுக்காரங்க வந்துட்டாங்க.”

“நான் வரமுடியாதுடா. ஒரு சாவுல இருக்கேன்.”

“சாவா? யாரு?”

வேம்பு போனைக் கையால் பொத்திக்கொண்டு அம்பிகாவிடம் குனிந்தாள்.

“அப்பா பேரு என்னம்மா?”

“சாமிக்கண்ணு.”

“சாமிக்கண்ணுடா,” என்றாள் போனில். “நமக்கு வேண்டியவருதான்.”